ஒரே எடையில் நான்கு வினாத்தாள்: வினா வங்கியிலிருந்து கணினி வழியே தொகுத்த அனுபவம்

பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தின் ஒரு மதிப்பெண் வினாக்களை மட்டும் கொண்டு, ஒன்றுக்கொன்று ஈடான நான்கு வினாத்தாள்களைக் கணினி நிரல் மூலம் தொகுக்கும் வேலை ஒருவழியாக முடிந்து, தாள்கள் மாணவர் கைக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டன. ஒரே வினாக்களின் வரிசையை மாற்றி ‘செட் ஏ’, ‘செட் பி’ என்று பெயர் சூட்டும் வழக்கத்தை நான் இங்கே ஈடு என்று சொல்லவில்லை. நான்கு தாள்களில் ஒரு வினாகூடப் பொதுவாக இருக்கக் கூடாது. இருந்தும் ஒரு மாணவருக்கு எந்தத் தாள் கிடைத்தாலும் அவர் பெறும் மதிப்பெண் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். காலைப் பிரிவு எழுதிய தாளை மாலைப் பிரிவு மாணவர்கள் வகுப்புக்கு வருமுன்பே மனப்பாடம் செய்துவிடுவதைக் கண்ட, தனிப்பயிற்சி வகுப்பு நடத்துபவர்களுக்கு இந்தத் தேவை நன்றாகப் புரியும்.

கைவசம் 231 வினாக்கள் இருந்தன. அவை சில ஆண்டுகளாக எங்கள் வகுப்பிலும், ஆசிரிய நண்பர்கள் பணிபுரியும் பள்ளிகளிலும் அலகுத் தேர்வு, திருப்புதல் தேர்வு என்று வெவ்வேறு தாள்களில் சிதறி வந்தவை. பழைய விடைத்தாள்கள் கட்டுக் கட்டாக இருந்ததால், முதல் வேலை அவற்றைக் கணினியில் ஏற்றுவதாயிற்று. ஏறத்தாழ 1,700 விடைத்தாள்களை லிபிரே ஆபீஸ் கால்க்கில் பதிவதற்குத் தாளுக்கு 2 ரூபாய் வீதம் கல்லூரி மாணவர் ஒருவருக்கு 3,400 ரூபாய் கொடுத்தேன்; இந்த முயற்சியில் பெரிய செலவு இது ஒன்றுதான். சரி, தவறு என்று பதியாமல் மாணவர் தேர்ந்த விடை அ, ஆ, இ, ஈ என்பதில் எது என்பதையே பதியச் சொன்னது பின்னால் மிகவும் உதவியது. நன்றாகப் படிக்கும் மாணவர்கள் எல்லாரும் ஒரே ‘தவறான’ விடையில் போய்க் குவிந்திருந்த வினாக்களில், தவறு எங்கள் விடைக்குறிப்பில் இருந்தது என்பது அந்தப் பதிவைப் பார்த்ததும் வெளிப்பட்டது. விடைக்குறிப்புப் பிழை, இரட்டைப் பொருள், அனைவரும் சரியாக எழுதிவிடும் அளவுக்கு எளிமை ஆகிய காரணங்களால் 17 வினாக்களை நீக்கியபின் 214 மிஞ்சின.

வினாவின் கடினத்தை அளக்க, அதைச் சரியாக எழுதியவர்களின் விழுக்காட்டையே முதலில் எடுத்துக்கொண்டேன். ஆசிரியர்கள் வழக்கமாகச் செய்வதும் இதுதான். அந்த எண்களை வைத்துத் தொகுத்த முதல் இரண்டு தாள்களையும் ஒரே வகுப்பில் கொடுத்துப் பார்த்தபோது சராசரியில் மூன்று மதிப்பெண் வேறுபாடு வந்தது. காரணத்தைத் தேடியபோது, முக்கோணவியல் வினாக்களில் பெரும்பாலானவை ஒரு பள்ளியின் முதல்தரப் பிரிவில் மட்டுமே கேட்கப்பட்டவை என்பது தெரிந்தது. அங்கே 80 விழுக்காட்டினர் சரியாக எழுதிய வினா எங்கள் வகுப்பில் எளிதாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. விழுக்காடு என்பது வினாவின் இயல்பையும் எழுதிய கூட்டத்தின் தரத்தையும் கலந்து சொல்லும் எண். இரண்டையும் பிரிக்காமல் வெவ்வேறு கூட்டங்களில் கேட்ட வினாக்களை ஒரே அளவுகோலில் நிறுத்த முடியாது.

பிரிப்பதற்கு வழி இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த கணிதவியலாளர் கியோர்க் ராஷ் 1960-இல் வெளியிட்ட மாதிரியில், ஒரு மாணவர் ஒரு வினாவைச் சரியாக எழுதும் நிகழ்தகவு, அவரது திறனுக்கும் அவ்வினாவின் கடினத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே பொறுத்தது. வெவ்வேறு தேர்வுகளில் சில வினாக்கள் திரும்பத் திரும்ப வந்திருந்ததால், அவற்றையே பாலமாகக் கொண்டு எல்லா வினாக்களின் கடினத்தையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர முடிந்தது. ‘ஆர்’ என்னும் இலவசப் புள்ளியியல் மென்பொருளில் இதற்கான தொகுப்புகள் உள்ளன. அங்கே ஒரு சுற்றுவழி போய்த் திரும்பினேன். வினாவின் கடினத்தோடு, அது வல்லவரையும் வல்லாதவரையும் எவ்வளவு கூர்மையாகப் பிரித்துக் காட்டுகிறது என்பதையும் மதிப்பிடும் இரு அளவுரு மாதிரியை முதலில் பயன்படுத்தினேன். வினாவுக்கு ஏறத்தாழ 150 விடைகள் மட்டும் இருக்கும்போது அந்தக் கூர்மை எண் நிலையாக நிற்பதில்லை. சில வினாக்களுக்குத் தற்செயலாக 2.5 என்ற அளவுக்கு அது ஏறிவிட்டது. தாள் தொகுக்கும் நிரலோ அத்தகைய வினாக்களைத்தான் தேடிப் பிடிக்கும். ஏனெனில் கூர்மையின் வர்க்கமே வினா தரும் தகவலை, அதாவது திறனை அளப்பதில் அது தரும் துல்லியத்தை, பெருக்குகிறது. கூர்மை 2.5 உள்ள ஒரு வினா, கூர்மை 1 உள்ள ஆறு வினாக்களுக்குச் சமம் என்று கணக்குக் காட்டும். மிகையாக மதிப்பிடப்பட்ட வினாக்களாகப் பொறுக்கி எடுத்துக் காகிதத்தில் மட்டும் சிறந்து நிற்கும் தாளை உருவாக்குவதைவிட, எளிய ராஷ் மாதிரியே மேல் என்று திரும்பிவிட்டேன். நான்கில் ஒன்றை ஊகித்து எழுதும் வாய்ப்பை அது கணக்கில் எடுப்பதில்லை என்ற குறை இருக்கிறது. இந்த அளவு தரவுக்கு அந்தக் குறையோடு வாழலாம் என்பது என் முடிவு.

ராஷ் மாதிரியில் ஒரு வினா தரும் தகவல், சரியாக எழுதும் நிகழ்தகவையும் தவறாக எழுதும் நிகழ்தகவையும் பெருக்கினால் கிடைக்கும் எண். மாணவரின் திறனும் வினாவின் கடினமும் ஒன்றாக இருக்கும் இடத்தில் அது உச்சமாக 0.25, விலக விலகக் குறையும். ஒரு தாளின் தகவல், அதிலுள்ள வினாக்களின் தகவல்களின் கூட்டல். அளவீட்டின் திட்டப்பிழை அந்தக் கூட்டலின் வர்க்கமூலத்தின் தலைகீழ். தகவல்கள் இப்படிக் கூட்டக்கூடியவையாக இருப்பதால்தான் தாள் தொகுக்கும் வேலையை நேரியல் சமன்பாடுகளாக எழுத முடிகிறது. வேண்டிய தகவல் வளைவை முதலில் வரைந்துவிட்டு அதற்கேற்ப வினாக்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆலன் பிர்ன்பாம் 1968-இலேயே சொன்னார். அதைப் பூச்சியமா ஒன்றா என்னும் தேர்வு மாறிகளைக் கொண்ட திட்டமிடல் கணக்காக 1985-இல் தியூனிஸென் எழுதிக் காட்டினார். நெதர்லாந்தின் விம் வான் டெர் லிண்டன் அதைப் பெரிதாக வளர்த்தெடுத்தார். என் வேலைக்குத் தேவைப்பட்ட கோட்பாடு இவ்வளவே.

தாளுக்கு 28 வினாக்கள் என்று வைத்துக்கொண்டேன். எந்த இயலுக்கு எத்தனை வினா என்று வகுக்கும் எங்கள் ப்ளூபிரிண்ட், பாடநூலின் எட்டு இயல்களின் வரிசையில் உறவுகளும் சார்புகளும் 3, எண்களும் தொடர்வரிசைகளும் 4, இயற்கணிதம் 5, வடிவியல் 3, ஆயத்தொலை வடிவியல் 4, முக்கோணவியல், அளவியல், புள்ளியியலும் நிகழ்தகவும் ஆகியவற்றுக்குத் தலா 3. எக்செல்லில் இத்தகைய கணக்குகளைத் தீர்க்க உள்ள சால்வர் என்ற கருவியை வைத்து முடித்துவிடலாம் என்ற எண்ணம் உடனே கைவிட்டுப் போயிற்று. அது 200 தேர்வு மாறிகளுக்கு மேல் ஏற்காது. ஒரு தாளுக்கே எனக்கு 214 மாறிகள் வேண்டும். எனவே பைத்தானும், அதில் மாதிரியை எழுத உதவும் பல்ப் என்ற நூலகமும், அதனோடு சேர்ந்தே வரும் அந்த மாதிரிக்கு விடை தேடும் சிபிசி என்ற தீர்ப்பானும் என்று ஆரம்பித்தேன். எல்லாம் இலவசம். 8 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியே போதுமானதாக இருந்தது.

முதலில் ஏ தாளைத் தொகுத்து, அதன் வினாக்களை வங்கியிலிருந்து நீக்கிவிட்டு, மீதியிலிருந்து பி, பிறகு சி, பிறகு டி என்று போனேன். நடுத்தரத் திறன் உள்ள இடத்தில் தகவல் உச்சமாக வேண்டும் என்பதே குறிக்கோள் சார்பாக, அதாவது நிரல் உச்சமாக்க வேண்டிய அளவாக, இருந்தது. ஏ தாளின் தகவல் 6.9 வந்தது, 28 வினாக்களுக்கு அடையக்கூடிய மேல் எல்லையே 7 என்பதால் மகிழ்ச்சிதான். டி தாளுக்கு வரும்போது அது 6.1 ஆகக் குறைந்திருந்ததோடு, மீந்த வினாக்களில் கடினமானவையே அகப்பட்டதால் தாள் முழுவதும் கடினப் பக்கம் சாய்ந்தும் இருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், ஏ தாளில் எளிய வினாவும் இல்லை, கடின வினாவும் இல்லை. நடுத்தர மாணவரை மட்டும் துல்லியமாக அளக்கும் அந்தத் தாளில் பின்தங்கிய மாணவருக்குக் கைவைக்க ஓர் இடமும் இருந்திருக்காது. நான் கேட்டதை நிரல் அப்படியே செய்திருந்தது. கேட்டதில்தான் கோளாறு.

ஆகவே இரண்டை மாற்றினேன். உச்சம் என்பதை விட்டுவிட்டு, இலக்கு ஒன்றைக் கொடுத்தேன். இலக்கை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு எளிய வழி, வங்கி முழுவதன் சராசரித் தகவலை 28-ஆல் பெருக்குவது. திறன் அளவுகோலில் −1, 0, +1 ஆகிய மூன்று புள்ளிகளில் அது முறையே 5.1, 5.7, 4.9 என்று வந்தது. நடுப்புள்ளியில் திட்டப்பிழை 0.42; முன்பு ஏ தாளுக்கு வந்த 0.38-ஐவிடச் சற்றே அதிகம். அந்தச் சிறு இழப்புக்கு ஈடாக, நான்கு தாள்களை எடுத்தபின்னும் மீந்த வங்கி, கடினத்தின் பரவலில் முன்பிருந்த சாயலிலேயே இருக்கும். இரண்டாவது மாற்றம், நான்கு தாள்களையும் ஒரே மாதிரியில் ஒரே நேரத்தில் தொகுப்பது. ‘இந்த வினா இந்தத் தாளில் உண்டா’ என்பதற்கு ஒரு மாறி வீதம் 214-ஐ நான்கால் பெருக்க 856 மாறிகள்; அவற்றோடு, எந்தத் தாளும் எந்தப் புள்ளியிலும் இலக்கிலிருந்து விலகும் மிகப் பெரிய அளவைக் குறிக்கும் ஒரு மாறி. அந்தக் கடைசி மாறியைச் சிறிதாக்குவதே குறிக்கோள்.

தகவல் மட்டும் ஒன்றாக இருந்தால் போதாது, எதிர்பார்க்கும் மதிப்பெண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு அதே மூன்று புள்ளிகளில் ஒவ்வொரு தாளின் நிகழ்தகவுகளின் கூட்டலும் பொது இலக்கிலிருந்து 0.1 மதிப்பெண்ணுக்கு மேல் விலகக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தேன். வான் டெர் லிண்டனும் லூக்ட்டும் 1998-இல் காட்டியபடி, ஒரு திறன் புள்ளியில் நிகழ்தகவுகளின் கூட்டல், அவற்றின் வர்க்கங்களின் கூட்டல் என்று அடுக்கடுக்காகப் பொருத்திக்கொண்டே போனால் மதிப்பெண் பரவலே பொருந்திவிடும். நடைமுறையில் முதல் சில அடுக்குகள் போதும். ராஷ் மாதிரியில் தகவல் என்பது நிகழ்தகவுகளின் கூட்டலிலிருந்து வர்க்கங்களின் கூட்டலைக் கழித்தது. ஆகவே மதிப்பெண்ணையும் தகவலையும் பொருத்தினாலே முதல் இரண்டு அடுக்குகளும் தாமாகப் பொருந்திவிடுகின்றன. கூடுதலாக எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை.

0.1 என்ற அளவை ஏன் இன்னும் இறுக்கவில்லை என்பதற்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு வினாவின் கடின மதிப்பீட்டிலும் ஏறத்தாழ 0.18 திட்டப்பிழை இருக்கிறது. அது 28 வினாக்களில் சேரும்போது தாளின் எதிர்பார்ப்பு மதிப்பெண்ணிலேயே 0.2 அளவு நிச்சயமின்மை வந்துவிடுகிறது. அதற்குக் கீழே நுணுக்கம் காட்டுவது தராசு தாங்காத எடையை நிறுப்பதாகும்.

அடுத்தது, ஒரே தாளில் சேர்ந்து வரக் கூடாத வினாக்கள். இவற்றைப் பகை வினாக்கள் என்று குறித்துக்கொண்டேன். வெளிப்புறப் புள்ளியிலிருந்து வட்டத்துக்கு வரையும் இரு தொடுகோடுகளும் சம நீளம் என்ற ஒரே கருத்தை வெவ்வேறு படத்தில் கேட்பவை ஒரு வகை. ஒரு வினாவின் வாசகமே இன்னொன்றின் விடையைச் சொல்லிவிடுவது இன்னொரு வகை. முக்கோணவியல் முற்றொருமைகளில் இது நிறைய. இத்தகைய தொகுப்புகள் 17 கிடைத்தன. இதைக் கண்டுபிடிப்பதற்கு நிரல் எதுவும் எழுதவில்லை. அச்சிட்ட தாள்களைத் தரையில் பரப்பி, கண்ணால் பார்த்துத்தான் பிரித்தேன். மொத்த வேலையில் மிகவும் நேரம் பிடித்ததும், வேறு எதாலும் ஈடுகட்ட முடியாததும் இதுவே என்று நினைக்கிறேன். சோதனை ஓட்டத்தில் ஒரு தாளின் 28 விடைகளில் 13 ‘இ’ என்று வந்ததைப் பார்த்தபின், ஒவ்வொரு விடை எழுத்தும் தாளுக்கு 6 முதல் 8 முறை வர வேண்டும் என்பதையும் சேர்த்தேன். இவ்வாறு வினாப் பயன்பாட்டுக்கு 214, இயல்களுக்கு 32, தகவலுக்கு 24, மதிப்பெண்ணுக்கு 24, பகை வினாக்களுக்கு 68, விடை எழுத்துகளுக்கு 32 என்று மொத்தம் 394 கட்டுப்பாடுகள் ஆயின.

ஓட்டியதும் தீர்வே இல்லை என்று சிபிசி சொல்லிவிட்டது. எந்தக் கட்டுப்பாட்டால் இல்லை என்பதை அது சொல்வதில்லை. ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பது வீண் வேலை என்பதால், ஒவ்வொரு வகைக் கட்டுப்பாட்டுக்கும் ஒரு தளர்வு மாறியைச் சேர்த்து, தளர்த்தினால் பெரும் தண்டம் என்று குறிக்கோளில் எழுதினேன். இப்போது நிரல் ஏதோ ஒரு தீர்வைத் தந்தே ஆக வேண்டும்; தளர்வு எங்கே பூச்சியமாக இல்லையோ அங்கேதான் முட்டுக்கட்டை. வடிவியலில் அகப்பட்டது. அந்த இயலில் 13 வினாக்களே இருந்தன. அவற்றில் 6 தொடுகோடு பற்றிய ஒரே பகைத் தொகுப்பு. தாளுக்கு ஒன்று வீதம் அதிலிருந்து 4 மட்டுமே எடுக்க முடியும், மற்றவை 7, ஆக 11. தேவையோ 12. கையால் கூட்டினாலே தெரிந்திருக்கும் கணக்கு இது. அந்த ஆறையும் மீண்டும் படித்துப் பார்த்ததில், இரண்டில் தொடுகோடு படத்தில் மட்டுமே இருந்தது. தீர்வு பிதாகரஸ் தேற்றத்தைச் சார்ந்திருந்தது. அவற்றைத் தொகுப்பிலிருந்து விடுவித்ததும் 13 வினாக்களையும் எட்ட முடிந்தது, தீர்வும் வந்தது.

வந்த தீர்வில் நிரல் நிற்க மறுத்தது. திரையில் சிறந்த தீர்வின் விலகல் 0.03 என்று இருந்தும், அதற்கும் கோட்பாட்டளவில் எட்டக்கூடிய கீழ் எல்லைக்கும் இன்னும் 100 விழுக்காடு இடைவெளி இருப்பதாகவே காட்டிக்கொண்டு இரவு முழுவதும் ஓடியது. காரணம் எளிது. வினாவைப் பின்னமாக வெட்டி எடுக்க அனுமதித்தால் விலகலைப் பூச்சியமாக்கிவிடலாம். எனவே கீழ் எல்லை எப்போதும் பூச்சியம். பூச்சியத்தோடு ஒப்பிட்டு விழுக்காடு கணக்கிட்டால் 0.03-உம் 100 விழுக்காடு, 0.003-உம் 100 விழுக்காடு. விழுக்காட்டு இடைவெளியை மறந்துவிட்டு, விலகல் 0.02-க்குக் கீழே வந்தால் நிறுத்து என்று தனி அளவில் எல்லை வைப்பதே சரி. இன்னொரு தடையும் இருந்தது. நான்கு தாள்களும் பெயரைத் தவிர ஒன்றே என்பதால், ஒரே தீர்வை 24 விதமாகப் பெயர் மாற்றி நிரல் மீண்டும் மீண்டும் தேடுகிறது. பகைத் தொகுப்பு ஒன்றிலிருந்த நான்கு வினாக்களை ஏ, பி, சி, டி என்று முறையே ஆணியடித்து வைத்ததும் அந்த வீண் தேடல் நின்றது. இதோடு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான ஹைஸ் என்ற தீர்ப்பானுக்கும் மாறினேன். அது தேநீர் குடித்து முடிப்பதற்குள் விடை தந்தது. வேகம் தீர்ப்பானால் வந்ததா, நிறுத்தும் எல்லையாலா என்று தனித்தனியே சோதித்துப் பார்க்கவில்லை. எல்லைக்கே பெரும்பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

முதல் தாள்களை எங்கள் வகுப்பில் கொடுத்தேன். மதிப்பெண்களைக் கூட்டும் முன்பே சி தாளில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. பலருக்குக் கடைசி மூன்று வினாக்கள் வெறுமையாக இருந்தன. சொற்களை எண்ணிப் பார்த்தால் ஏ தாளில் 610, சி தாளில் 840. அளவியலிலும் நிகழ்தகவிலும் நீண்ட வாக்கியக் கணக்குகள் எல்லாம் சி தாளில் போய்க் குவிந்திருந்தன. கடினம் ஒன்றுதான், தகவல் ஒன்றுதான். படிக்கும் நேரத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லாததால் நிரல் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஒவ்வொரு தாளிலும் சொற்கள் 680-க்கும் 740-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று எட்டுக் கட்டுப்பாடுகளைச் சேர்க்க, மொத்தம் 402 ஆயிற்று. விலகல் மீண்டும் 0.02-க்குள் வந்தது.

புதிய தாள்களை நண்பர் ஒருவரின் பள்ளியில் 156 மாணவர்கள் எழுதினார்கள். தாளுக்கு 4 பக்கம், பக்கத்துக்கு 1 ரூபாய் என்று ஜெராக்ஸ் செலவு 624 ரூபாய். தாள்களை ஏ, பி, சி, டி என்று மாற்றி மாற்றி அடுக்கி விநியோகித்தோம்; பெஞ்சுக்கு நால்வர் என்பதால் ஓரத்தில் இருப்பவருக்கு எப்போதும் ஏ தாளே போய்விடாமல், ஒவ்வொரு பெஞ்சிலும் அடுத்த எழுத்திலிருந்து தொடங்கினோம். தாளுக்கு 39 பேர். சராசரிகள் 16.9, 16.4, 16.2, 17.1, திட்டவிலக்கம் நான்கிலும் ஐந்தரையை ஒட்டியே இருந்தது. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் 39 பேர் கொண்ட இரு குழுக்களின் சராசரி வேறுபாட்டுக்குத் திட்டப்பிழையே ஒன்றேகால் மதிப்பெண். ஆகவே இரண்டரை மதிப்பெண்ணுக்குக் குறைவான உண்மையான வேறுபாடு இருந்தால் இந்தச் சோதனை அதை உறுதியாகப் பிடித்திருக்காது. விழுக்காட்டை நம்பித் தொகுத்த பழைய தாள்களின் மூன்று மதிப்பெண் சாய்வு இதில் இல்லை என்பதற்கு மேல் நான் எதையும் கோரவில்லை. வெறுமையாக விடப்பட்ட கடைசி வினாக்கள் நான்கு தாள்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்ததுதான் எனக்கு அதிக நிம்மதி தந்தது.

அடுத்த முறை, தாள்களுக்குள் ஒரு வினாகூடப் பொதுவாக இருக்கக் கூடாது என்ற பிடிவாதத்தைத் தளர்த்தி, ஆறு வினாக்களை நான்கிலும் வைக்கப் போகிறேன். காலைப் பிரிவும் மாலைப் பிரிவும் வேறு வேறு தாள் எழுதும்போது, சராசரி வேறுபட்டால் அது தாளாலா கூட்டத்தாலா என்று சொல்ல அந்த ஆறு வினாக்கள் வேண்டும். அவை வெளியே கசியும் ஆபத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். வினாவைப் பதியும்போதே சொல் எண்ணிக்கை, படம் உண்டா, பகைத் தொகுப்பு எண் ஆகியவற்றுக்குத் தனி நெடுவரிசைகளை வைத்துவிட்டால் பின்னால் தரையில் தாள் பரப்ப வேண்டியிராது. இயல்வாரியாகக் கையால் கூட்டிப் பார்க்கும் சிறு அட்டவணையையும் நிரல் ஓடுவதற்கு முன்னால் வைத்துவிட்டேன்.

வங்கியில் இப்போது 102 வினாக்கள் மீந்துள்ளன. கடினத்தின் பரவல் எதிர்பார்த்தபடி குலையாமல் இருந்தாலும், வடிவியலில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. எனவே அந்த இயலுக்கு மட்டும் 20 புதிய வினாக்களை எழுதிக்கொண்டிருக்கிறோம். அடுத்து வரும் தேர்வுகளில் அவற்றைத் தாளுக்கு நான்கு வீதம் மதிப்பெண் கணக்கில் சேர்க்காமல் நுழைத்து, ஒவ்வொன்றுக்கும் 150 விடைகள் சேரும்வரை அடுத்த நான்கு தாள்களுக்கான நிரலை ஓட்டப் போவதில்லை.